60 மீட்டர் ஆழச் சுரங்கத்தில் 400 கே.வி. கேபிள்: முக்கோணமா, வரிசையா?

திருவெறும்பூர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். நான்கு வருடம் ஊரில் டவர் லைன் வேலை பார்த்துவிட்டு, ஆறு மாதம் முன்பு சிங்கப்பூர் வந்தேன். இப்போது என்னைக் கேபிள் சுரங்கப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். எந்த இடம், எந்தக் கம்பெனி என்று எழுத முடியாது. அதனால் எல்லோருக்கும் தெரிந்த சிங்கப்பூர் சுரங்கங்களையே உதாரணமாக வைத்துக் கேட்கிறேன். வடக்கு–தெற்குச் சுரங்கம் காம்பாஸ் முதல் மே ரோடு வரை 18.5 கி.மீ. கிழக்கு–மேற்குச் சுரங்கம் ஆயர் ராஜா முதல் பாய லேபார் வரை 16.5 கி.மீ. ஏறக்குறைய 60 மீட்டர் ஆழம், உள்விட்டம் 6 மீட்டர், 400 கே.வி.யும் (கே.வி. என்றால் ஆயிரம் வோல்ட்) 230 கே.வி.யும் போகின்றன.

இப்படி ஒரு 6 மீட்டர் குழாயின் குறுக்குவெட்டை வரைந்து, கேபிள்களை எங்கே வைப்பாய் என்று காட்டச் சொன்னார் என் சீனியர். நான் 400 கே.வி.யை ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தேன். ஒரு சர்க்யூட்டின் மூன்று ஃபேஸுக்கும், அதாவது மூன்று தனித்தனிக் கேபிளுக்கும், நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. 230ஐ எதிர்ச்சுவரில் வைத்து, ஃபைபரையும் கன்ட்ரோல் கேபிளையும் கீழே போட்டேன். பார்த்துவிட்டு, “நீ இன்னும் டவரிலிருந்து இறங்கவில்லை தம்பி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏன் என்று சொல்லவில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.

டிரம்_நம்பர்_7

உங்கள் சீனியர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் பாதியில் விட்டுவிட்டார்.

டவரில் கண்டக்டர் வெற்று உடம்போடு தொங்குகிறது. காற்றுதான் இன்சுலேஷன். அதனால் வோல்டேஜ் ஏற ஏற இடைவெளியும் ஏறும். கேபிளில் அந்த 400 கே.வி. முழுவதும் எக்ஸ்எல்பிஇ என்ற பிளாஸ்டிக் இன்சுலேஷனுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. மேலே உலோக உறை, அது எர்த். உறைக்கு வெளியே மின்புலம் கிடையாது. ஆகவே கேபிளுக்கும் கேபிளுக்கும் நடுவில் வோல்டேஜுக்காக ஒரு மில்லிமீட்டர்கூடத் தேவையில்லை. மூன்றையும் ஒட்டி வைக்கலாம், வைக்கிறார்கள்.

அப்படியானால் இடைவெளியை எது முடிவு செய்கிறது? சூடு, உறையில் தூண்டப்படும் வோல்டேஜ், கேபிளின் நீட்சி, ஷார்ட் சர்க்யூட் உதை. அதற்கு மேல், இரண்டு கேபிள் துண்டுகளைச் சேர்க்கும் ஜாயிண்ட் ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பது என்ன ஆகும் என்ற கேள்வி. இந்த ஐந்தும் ஒன்றோடு ஒன்று சண்டை போடும். குறுக்குவெட்டுப் படம் என்பது அந்தச் சண்டையில் எழுதிக்கொண்ட சமாதான ஒப்பந்தம், அவ்வளவுதான்.

ஈபி_ரிட்டயர்டு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 34 வருடம் கேபிளோடு குடித்தனம் நடத்தியவன். எங்கள் காலத்தில் ஒன்றரை மீட்டர் பள்ளம் தோண்டி, மணல் போட்டு, கேபிளைப் படுக்க வைத்து, மேலே சிமென்ட் பலகை மூடுவோம். 110 கே.வி.யும் அப்படித்தான், 230 கே.வி.யும் அப்படித்தான். நன்றாகவே ஓடியது. 60 மீட்டர் ஆழத்தில் ரயில் ஓடுகிற அளவுக்குச் சுரங்கம் வெட்டுவதெல்லாம் பணம் இருக்கிறவன் விளையாட்டு என்றுதான் எனக்குப் படுகிறது. எவ்வளவு செலவு அது?

திருவெறும்பூர்க்காரன்

சுமார் 2.4 பில்லியன் சிங்கப்பூர் டாலர் என்று சொல்கிறார்கள், சார்.

ஈபி_ரிட்டயர்டு

அம்மாடி.

சுரங்க_எலி

நான் சிவில் ஆள். சார் கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன்.

சாலைக்கு அடியில் இடம் இல்லை, அதுதான் அடிப்படைக் காரணம். தண்ணீர்க் குழாய், கேஸ், டெலிகாம், மழைநீர் வடிகால் எல்லாம் முதல் சில மீட்டரிலேயே நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. அதற்குக் கீழே எம்ஆர்டி மெட்ரோ ரயில். இவற்றையெல்லாம் தாண்டி நல்ல பாறைக்குள் போகவேண்டுமானால் 60 மீட்டர் இறங்கத்தான் வேண்டும். இன்னொன்று, பழைய கேபிள்களுக்கு வயதாகிவிட்டது. மாற்றுவதற்கு ஊரையே திரும்பத் தோண்ட வேண்டும். சுரங்கம் இருந்தால் பழையதைக் கழற்றிப் புதியதைப் போடலாம், மேலே ஒரு வண்டிகூட நிற்காது. நீங்கள் போட்ட கேபிளை எத்தனை தடவை ஜேசிபி வெட்டியது என்று யோசித்துப் பாருங்கள் சார்.

சிங்கப்பூர் மட்டும் இல்லை. பெர்லினில் 380 கே.வி.க்கு 1990களின் கடைசியிலேயே 3 மீட்டர் விட்டத்தில் சுரங்கம் போட்டுவிட்டார்கள். லண்டனில் எல்ஸ்ட்ரீ–செயின்ட் ஜான்ஸ் உட் சுரங்கம் 20 கி.மீ., 2005. அப்புறம் லண்டன் பவர் டனல்ஸ் என்று முதல் கட்டமாக 32 கி.மீ. டோக்கியோவில் 2000லேயே 40 கி.மீ. நீளத்துக்கு 500 கே.வி. கேபிள்.

ஈபி_ரிட்டயர்டு

ஜேசிபி விஷயத்தில் தோற்றேன். மேலே பேசுங்கள்.

டிரம்_நம்பர்_7

சரி, முக்கோணமா வரிசையா என்பதற்கு வருவோம். மூன்று கேபிளையும் முக்கோணமாக ஒட்டி வைப்பது ட்ரெஃபாயில். ஒரே மட்டத்திலோ ஒன்றன் கீழ் ஒன்றாகவோ இடைவெளி விட்டு வைப்பது ஃப்ளாட்.

ட்ரெஃபாயிலில் மூன்று ஃபேஸுக்கும் ஒன்றுக்கொன்று தூரம் சமம். காந்தப்புலம் பெரும்பாலும் தன்னைத்தானே அடித்துக்கொண்டு அடங்கிவிடும். உறையில் தூண்டப்படும் வோல்டேஜும் குறைவு, மூன்றிலும் சமம். ஆனால் மூன்று சூடான உடம்புகள் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்த மாதிரி. ஒன்றின் சூடு மற்றதற்கு. ஃப்ளாட்டில் காற்று சுற்றிலும் போகும், ஆம்ப் கூடுதலாக எடுக்கலாம். உறை வோல்டேஜ் ஏறும், அதுவும் நடுவில் ஒன்று ஓரத்தில் ஒன்று என்று சமமில்லாமல் ஏறும்.

எண் போட்டுப் பார்த்தால்தான் புரியும். 2,500 சதுர மி.மீ. செம்பு, வெளிவிட்டம் 150 மி.மீ., உறையின் சராசரி விட்டம் 130 மி.மீ., 1,500 ஆம்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்ரெஃபாயிலில் 500 மீட்டருக்குச் சுமார் 40 வோல்ட் வரும். 30 செ.மீ. இடைவெளி விட்ட ஃப்ளாட்டில் நடுக் கேபிளுக்கு 70க்குக் கொஞ்சம் மேல், ஓரக் கேபிள்களுக்கு 90க்கு மேல். உங்கள் ஒரு மீட்டர் இடைவெளியில் இன்னும் ஏறும். அதாவது நீங்கள் ‘பாதுகாப்பு’ என்று விட்ட இடைவெளிதான் உறையில் வோல்டேஜை ஏற்றுகிறது.

திருவெறும்பூர்க்காரன்

இது எனக்குத் தோன்றவே இல்லை. சரி, அந்த உறையை இரண்டு முனையிலும் எர்த் செய்துவிட்டால் வோல்டேஜ் போய்விடாதா?

டிரம்_நம்பர்_7

வோல்டேஜ் போகும், அதற்குப் பதில் கரண்ட் வரும். இரண்டு பக்கமும் எர்த் என்றால் மூடிய பாதை. உறையிலேயே நூற்றுக்கணக்கில் ஆம்ப் ஓடும். காசு கொடுத்துச் செம்பு வாங்கிவிட்டு, உறையை ஹீட்டராக ஓட்டுவதற்குச் சமம்.

அதனால்தான் கிராஸ் பாண்டிங். மூன்று டிரம் (கேபிள் சுற்றி வரும் உருளை) நீளத்தை ஒரு தொகுதியாக எடுத்துக்கொள்கிறோம். மூன்று ஃபேஸுக்கும் ஆர், ஒய், பி என்று பெயர்; முதல் ஜாயிண்ட்டில் ஆர் ஃபேஸ் உறையை ஒய் ஃபேஸ் உறையோடு இணைக்கிறோம், இரண்டாவதில் அங்கிருந்து பி-க்கு. ஒரே உறைப் பாதை மூன்று ஃபேஸையும் சமநீளம் பார்த்துவிடுகிறது. 120 டிகிரி தள்ளித் தள்ளி நிற்கும் மூன்று வோல்டேஜையும் கூட்டினால் பூஜ்யம். தொகுதியின் இரண்டு முனையிலும் எர்த், நடுவிலுள்ள இரண்டு இடத்திலும் லிங்க் பாக்ஸ் என்ற இணைப்புப் பெட்டி, அதற்குள் சர்ஜ் (திடீர் வோல்டேஜ் ஏற்றம்) வந்தால் தாங்க வோல்டேஜ் லிமிட்டர்கள். 500 மீட்டர் டிரம் என்றால் ஒரு தொகுதி ஒன்றரை கி.மீ.; 18.5 கி.மீ. முழுக்க ஒரு சர்க்யூட் ஓடினால் ஏறக்குறைய 12 தொகுதி.

மூன்று துண்டும் சமநீளமாக இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. ஷாஃப்ட் (மேலிருந்து சுரங்கத்துக்கு இறங்கும் செங்குத்துக் கிணறு) குறுக்கே வந்து ஒரு துண்டு 380 மீட்டர், இன்னொன்று 520 என்று ஆகிவிட்டால் கூட்டல் பூஜ்யமாகாது. ட்ரெஃபாயிலில் அந்த மிச்சம் சின்னது, ஃப்ளாட்டில் பெரியது. கடைசியில் ஒரு குட்டித் துண்டு மட்டும் மிஞ்சினால் அதை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்துவிட்டு, பக்கத்திலேயே தனி எர்த் கண்டக்டர் ஓட்டுவார்கள்.

காற்றோட்டம்

எல்லோரும் மின்சாரமே பேசுகிறீர்கள். சுரங்கத்தில் உண்மையான முதலாளி ஃபேன்தான். (என் தொழில் அது, அப்படித்தான் சொல்வேன்.)

எக்ஸ்எல்பிஇ கேபிளின் கண்டக்டர் தொடர்ந்து 90 டிகிரி வரை போகலாம். அது வேறு. சுரங்கத்துக் காற்று சாதாரணமாக 40 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று எடுத்துக்கொள்வது வழக்கம், உள்ளே ஆள் வேலை செய்ய வேண்டும் அல்லவா. இப்போது டிரம் சாரின் கேபிளையே எடுங்கள். 1,500 ஆம்ப்பில் ஃபேஸுக்கு மீட்டருக்கு 22 வாட் அளவில் செம்பில் போகிறது. இன்சுலேஷன் இழப்பு 3 வாட். மூன்று ஃபேஸுக்கு 75 வாட் என்று வையுங்கள். ஆறு சர்க்யூட் என்றால் 450 வாட். கேட்டால் ஒரு மிக்ஸி கணக்காகத் தெரியும், ஆனால் அது ஒரு மீட்டருக்கு. ஒரு கி.மீ.க்கு 450 கிலோவாட். ஷாஃப்ட்டுக்கு ஷாஃப்ட் 2 கி.மீ. என்றால் 900 கிலோவாட்.

6 மீட்டர் குழாயில் பிராக்கெட், தண்டவாளம் எல்லாம் கழித்து 25 சதுர மீட்டரில் காற்று போகட்டும், வேகம் நொடிக்கு 3 மீட்டர். அந்தக் காற்று ஒரு டிகிரி சூடேற ஏறக்குறைய 90 கிலோவாட் வேண்டும். 900ஐ 90ஆல் வகுத்தால் 10 டிகிரி. சிங்கப்பூர் மதியக் காற்று 32 டிகிரியில் உள்ளே வந்தால் 42இல் வெளியே போகும். எல்லை தாண்டிவிட்டது. இதே சுரங்கம் லண்டனில் இருந்தால் 20இல் நுழைந்து 30இல் வெளியேறும், நான் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பேன்.

டிரம்_நம்பர்_7

கணக்கு சரி, ஆனால் ஆறு சர்க்யூட்டும் ஒரே நேரத்தில் முழு லோடில் ஓடாது. ஒன்று போனாலும் மற்றது தாங்க வேண்டும் என்றுதானே இரட்டையாகப் போடுகிறோம். பாதி லோடு என்றால் செம்பில் இழப்பு கால்வாசி.

காற்றோட்டம்

ஒப்புக்கொள்கிறேன். சுவரும் பாறையும்கூடக் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆனால் இரண்டு வருடம் ஓடிய பிறகு அந்தப் பாறையே சூடாகிவிடும், பிறகு அதன் உதவியை நம்ப முடியாது. நான் சொல்ல வந்தது வேறு. காற்று நுழையும் முனையில் உள்ள கேபிளும் வெளியேறும் முனையில் உள்ள கேபிளும் ஒரே சுரங்கத்தில் இருந்தாலும் ஒரே வெப்பத்தில் இல்லை. சர்க்யூட்டின் திறனை நிர்ணயிப்பது அந்தக் கடைசி நூறு மீட்டர். குறுக்குவெட்டு வரைகிற தம்பி, நீளவெட்டும் வரைய வேண்டும்.

மேல் தட்டில் இருக்கும் கேபிளுக்குக் கீழ்த்தட்டுச் சூடும் சேர்ந்து வரும். 400 கே.வி.யை உச்சியில் வைத்தது அந்தக் கணக்கிலும் தப்பு.

திருவெறும்பூர்க்காரன்

அப்போது கனமானது கீழே, லேசானது மேலே?

சுரங்க_எலி

ஆமாம். இந்தக் கேபிள் ஒரு மீட்டருக்கு 35–40 கிலோ இருக்கும். செம்பு மட்டுமே 22 கிலோ. அதை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கிப் பிராக்கெட்டில் உட்காரவைப்பது எவ்வளவு பாடு என்று ஒரு தடவை செய்து பாருங்கள். சீனத் தர விதியில் இது வெளிப்படையாகவே இருக்கிறது. பொதுவாக அதிக வோல்டேஜ் மேலே, குறைந்தது கீழே என்று அடுக்கு. ஆனால் 35 கே.வி.க்கு மேல் கேபிள் இருந்தால் கீழிருந்து மேலாக, அதாவது பெரிசு கீழே. வளைவு ஆரமும் ஒரு காரணம். 150 மி.மீ. கேபிளுக்கு விட்டத்தைப் போல 20 மடங்கு என்றாலே 3 மீட்டர். அதை மேல் தட்டிலிருந்து ஷாஃப்ட்டுக்குள் திருப்ப இடம் கிடைக்காது.

அடித்தளத்தில் கசிவுநீர் ஓடும் வாய்க்கால் இருக்கும், அதை மட்டும் விட்டுவிட வேண்டும்.

ஈபி_ரிட்டயர்டு

இதே சுரங்கத்தில் தண்ணீர், டெலிகாம், கேஸ் எல்லாம் போட்டுவிட்டால் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாமே?

சுரங்க_எலி

போடுகிறார்கள் சார், அது பொதுப்பயன்பாட்டுச் சுரங்கம். ஆனால் 400 கே.வி. மாதிரி பெரிய கேபிளுக்குப் பெரும்பாலும் தனி வீடுதான் நல்லது. அதே சீன விதிகளில், பொதுச் சுரங்கமாக இருந்தால் எரிவாயுவுக்குத் தனி அறை. வெந்நீர்க் குழாய் மின்கேபிளோடு ஒரே அறையில் வரக்கூடாது. காரணம் காற்றோட்டம் சார் மேலே அழுததுதான். 110 கே.வி.யும் அதற்கு மேலும் இருந்தால் டெலிகாம் கேபிள் அதே பக்கச் சுவரில் இருக்கக்கூடாது. நம் தம்பி ஃபைபரைக் கீழே போட்டதைக் கூட மாற்ற வேண்டியிருக்கும்.

ஜாயிண்டர்அக்கா

தாமதமாக வருகிறேன். இரவு ஷிஃப்ட் முடிந்து இப்போதுதான் படித்தேன். தம்பி, உங்கள் படத்தில் கேபிள் நேர்க்கோடாக இருக்கிறதா?

திருவெறும்பூர்க்காரன்

ஆமாம் அக்கா, ஸ்கேல் வைத்து வரைந்தேன்.

ஜாயிண்டர்அக்கா

அங்கேதான் எனக்கு உயிர் போகிறது.

செம்பு 35 டிகிரியிலிருந்து 90க்குப் போனால் 500 மீட்டர் துண்டு ஏறக்குறைய 47 செ.மீ. நீளும். மண்ணில் புதைத்தால் மண் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சுரங்கத்தில் பிராக்கெட் மேல் சும்மா கிடக்கும் கேபிளை யார் பிடிப்பார்கள்? நேராகப் போட்டால் நீட்சி முழுவதும் போய் எங்கே குத்தும்? என் ஜாயிண்ட்டில். பகலில் தள்ளும், இரவில் இழுக்கும், வருடக்கணக்கில். உள்ளே இருக்கும் ரப்பர் ஸ்லீவ் ஒருநாள் விலகும்.

அதனால் கேபிளைப் பாம்பு மாதிரி நெளித்துப் போட வேண்டும். ஆறு மீட்டருக்கு ஒரு அலை, இருபுறமும் ஒரு கேபிள் விட்டம், அதாவது 15 செ.மீ. விலகல் என்று வையுங்கள். கணக்குப் போட்டால் அதே 55 டிகிரி ஏற்றத்தில் ஒவ்வொரு நெளிவும் ஒரு செ.மீ. அளவுதான் கூடுதலாகப் பக்கவாட்டில் போகும். முனையில் அரை மீட்டர் தள்ளவேண்டியது, வழி நெடுகப் பரவி ஒரு செ.மீ.யாக அடங்கிவிடுகிறது. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த கணக்கு இதுதான். பிராக்கெட்டிலிருந்து பிராக்கெட்டுக்குச் செங்குத்தாகத் தொய்வு விட்டும் இதைச் செய்யலாம். எப்படியானாலும் நெளிவுக்கு இடம் வேண்டும். உங்கள் குறுக்குவெட்டில் கேபிளுக்கு 15 செ.மீ. வட்டம் போட்டிருந்தால் போதாது, அது ஆடும் அகலத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

ஜாயிண்ட்டுக்கு இரண்டு பக்கமும் சில மீட்டர் மட்டும் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். அங்கே ஆட்டம் கூடாது.

டிரம்_நம்பர்_7

அக்கா சொன்னதோடு கிளீட் (கேபிளைப் பிடித்து நிறுத்தும் பிடி) விஷயத்தையும் சேர்க்கிறேன். ஷார்ட் சர்க்யூட் 63 கிலோஆம்ப் என்றால் முதல் உச்சம் 160 கிலோஆம்ப் தொடும். ஒட்டி வைத்த ட்ரெஃபாயிலில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய 3 டன் விசை கேபிளை வெளியே பிய்த்துத் தள்ளும். சில மில்லி நொடிதான், ஆனால் பிளாஸ்டிக் டை எல்லாம் தெறித்துவிடும். இடைவெளி கூடக் கூட விசை குறையும், அது ஃப்ளாட்டுக்குச் சாதகமான இன்னொரு கணக்கு. ட்ரெஃபாயில் என்றால் அந்த மூன்றையும் சேர்த்துக் கட்டும் பட்டையை நெளிவோடு சேர்ந்து நகரும்படி நெருக்கமாகப் போட வேண்டும்.

ஜாயிண்டர்அக்கா

பட்டை என்றதும் ஞாபகம் வந்தது. பெயர் வேண்டாம், ஒரு வேலையிடம். கிளீட் வந்து சேரவில்லை என்று, யாரோ ஒரு புண்ணியவான் சாதாரண இரும்பு கிளாம்பை ஒரே ஒரு ஃபேஸைச் சுற்றி வளையமாகப் போட்டு முறுக்கிவிட்டுப் போயிருந்தார். லோடு ஏறிய பிறகு வெப்பக் கேமராவில் பார்த்தால் அந்த வளையம் மட்டும் தீபாவளி. தனிக் கேபிளைச் சுற்றி மூடிய இரும்பு வளையம் என்றால் அது டிரான்ஸ்ஃபார்மர் கோர் மாதிரிதானே. அலுமினியம், காந்தம் ஒட்டாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பிளாஸ்டிக் கலவை, இவற்றில் ஏதாவது ஒன்று. மூன்று ஃபேஸையும் சேர்த்துச் சுற்றினால் பிரச்சினை குறைவு, மூன்றும் ஒன்றையொன்று அடித்துவிடும். கிளாம்பை மாற்றினோம். கேபிள் பிழைத்தது, எனக்குத்தான் இரண்டு நாள் தூக்கமில்லை.

ஈபி_ரிட்டயர்டு

நம் ஊரிலும் பார்த்திருக்கிறேன். கேபிள் நுழையும் இரும்புத் தகட்டில் ஃபேஸுக்கு ஒரு ஓட்டை என்று மூன்று ஓட்டை போட்டிருப்பார்கள். தகடு கொதிக்கும். ஓட்டைகளுக்கு நடுவே வெட்டி, இரும்பு அல்லாததை வைத்து ஒட்டுவோம்.

ஜாயிண்ட் வெடித்தால் என்று யாரோ ஆரம்பித்தீர்களே, அதைச் சொல்லுங்கள். மண்ணில் வெடித்தால் ஒரு பள்ளம். சுரங்கத்தில்?

டிரம்_நம்பர்_7

அதற்கு நீசா சம்பவம்தான் பாடம். 2016 அக்டோபர் 12, டோக்கியோவுக்குப் பக்கத்தில் சைத்தாமா மாகாணத்தில் நீசா. 275 கே.வி. எண்ணெய் நிரப்பிய கேபிள், போட்டு 35 வருடம் ஆகியிருந்தது. ஜாயிண்ட் பகுதியில் இன்சுலேஷன் முறிந்து தீப்பிடித்தது. காகித இன்சுலேஷன், நடுவில் எண்ணெய், எரிய வேறென்ன வேண்டும். அதே சுரங்கத்தில் மற்ற சர்க்யூட்களும் இருந்ததால் அவையும் சேர்ந்து போய்விட்டன. டோக்கியோவில் சுமார் 5,86,000 இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது, அரசு அலுவலகங்கள் இருக்கும் கசுமிகசெகி உட்பட. வேறு பாதை வழியாக ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இருந்தாலும் ஒரே குழாயில் எல்லா முட்டையையும் வைத்தது எப்படி இருக்கும் என்று ஒரு நகரமே பார்த்துவிட்டது. பிறகு கேபிள்களுக்குத் தீத்தடுப்புத் துணி சுற்றினார்கள்.

இன்றைய எக்ஸ்எல்பிஇ-யில் எண்ணெய் இல்லை, ஆனால் அதுவும் பிளாஸ்டிக்தான், எரியும். அதனால் வெளியுறை தீ பரவாத வகை. ஒரே ஊருக்குப் போகும் இரண்டு சர்க்யூட்டை இரண்டு சுவரில் பிரித்து வைப்பது. முடிந்தால் இரண்டு சுரங்கத்தில்.

காற்றோட்டம்

தீ என்றால் என் ஃபேன் நண்பனா எதிரியா என்று தெரிவதற்குள் காரியம் முடிந்துவிடும். எந்த ஃபேன் நிற்க வேண்டும், எந்த டேம்பர் (காற்றுவழிக் கதவு) மூட வேண்டும், உள்ளே ஆள் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்து வைக்காமல் கேபிளுக்கு லோடு கொடுக்கக் கூடாது. எளிய விதி: ஆள் காற்று வரும் திசை நோக்கி ஓடவேண்டும்.

மாணவி_2026

எம்.இ. படிக்கிறேன், ஒரு சந்தேகம். இவ்வளவு நீளக் கேபிளில் சார்ஜிங் கரண்ட், அதாவது லோடு இல்லாமலே கேபிள் இழுக்கும் கரண்ட், என்ன ஆகும்? புத்தகத்தில் பெரிய பூதமாகச் சொல்கிறார்கள்.

டிரம்_நம்பர்_7

பூதம்தான். கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) கி.மீ.க்கு 0.2 மைக்ரோஃபாரட் என்று வைத்தால், 400 கே.வி. 50 ஹெர்ட்ஸில் கி.மீ.க்கு 14.5 ஆம்ப், 10 மெகாவார் (வேலை செய்யாமல் போய்வரும் ரியாக்டிவ் பவரின் அளவு). 18.5 கி.மீ.க்கு ஒரு சர்க்யூட்டுக்கு 185 மெகாவார். லோடே இல்லாவிட்டாலும் கேபிள் 268 ஆம்ப் குடிக்கும். அதை ஈடுகட்ட முனையில் ஷண்ட் ரியாக்டர் என்ற பெரிய சுருள் வேண்டும். ஆனால் இது சுரங்கத்துக்குள் அடுக்குவதால் மாறாது, எப்படி அடுக்கினாலும் அதே கெபாசிட்டன்ஸ்; உறைக்குள்ளேயே முடிந்துவிடுகிற விஷயம்.

இந்தப் பூதத்தைச் சுருக்க இன்னொரு வழி, கேபிளை விட்டுவிட்டு எஸ்எஃப்6 என்ற வாயு நிரப்பிய உலோகக் குழாய். சீனாவில் யாங்சி ஆற்றுக்கு அடியில் சூதோங் சுரங்கத்தில் 1,000 கே.வி.யை அப்படித்தான் கொண்டுபோனார்கள், ஐந்தரை கி.மீ.க்குச் சற்றுக் குறைவு, 2019. கெபாசிட்டன்ஸ் மிகக் குறைவு, தீயும் பிடிக்காது. ஆனால் எஸ்எஃப்6 காற்றைவிடக் கனம், கசிந்தால் சுரங்கத்தின் தாழ்வான இடத்தில் தேங்கி மூச்சடைக்கும். அது தனி இழைக்கான விஷயம்.

மாணவி_2026

நன்றி சார். அப்படியே இன்னொன்று, ஏன் 2,500 சதுர மி.மீ. கண்டக்டரைத் துண்டு துண்டாகச் செய்கிறார்கள்?

டிரம்_நம்பர்_7

50 ஹெர்ட்ஸில் செம்பில் கரண்ட் 9 மி.மீ. ஆழம் அளவில்தான் நெருக்கமாக ஓடும். உங்கள் கண்டக்டரின் ஆரமோ 28 மி.மீ. நடுவில் உள்ள செம்பு சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கும். ஆரஞ்சுச் சுளை மாதிரிப் பிரித்து, முறுக்கி, நடுவே இன்சுலேஷன் வைத்தால் எல்லாச் சுளையும் வேலை செய்யும்.

திருவெறும்பூர்க்காரன்

இரண்டு நாள் உட்கார்ந்து திரும்ப வரைந்தேன். 400 கே.வி. இரண்டு சர்க்யூட், ஒவ்வொன்றும் ஒரு சுவர், கீழ்த்தட்டு, ட்ரெஃபாயில், நெளிவுக்கு இருபுறமும் இடம். 230 கே.வி. அவற்றுக்கு மேல். ஃபைபர், கன்ட்ரோல் இரண்டும் உச்சியில், மூடிய தனித் தட்டில். வெப்பம் அளக்கும் ஃபைபர் மட்டும் கேபிளோடு ஒட்டிப் போகும். நடுவில் தண்டவாளம். காற்று வெளியேறும் முனையில் கடைசி 200 மீட்டருக்கு மட்டும் கேபிளை இடைவெளி விட்டு ஃப்ளாட்டாக மாற்றினேன், சூட்டுக்காக. நீளவெட்டும் வரைந்தேன். சீனியர் இந்தத் தடவை எதுவும் சொல்லவில்லை, படத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

டிரம்_நம்பர்_7

நல்ல முன்னேற்றம். ஆனால் அந்தக் கடைசி 200 மீட்டரை மாற்றியதில் ஒரு விலை இருக்கிறது. அந்தத் துண்டில் உறை வோல்டேஜ் வேறு, மற்ற இரண்டு துண்டில் வேறு. கிராஸ் பாண்டிங் கூட்டல் பூஜ்யத்துக்கு வராது. ஒரு முழுத் தொகுதியையும் மாற்றுங்கள், அல்லது மாற்றாமல் விட்டுவிட்டுக் காற்றோட்டம் சாரிடம் ஃபேனைக் கேளுங்கள்.

காற்றோட்டம்

கேளுங்கள். தருகிறேன்.

ஜாயிண்டர்அக்கா

நீளவெட்டில் ஜாயிண்ட் எங்கே போட்டிருக்கிறீர்கள்? இரண்டு சுவரிலும் ஒரே இடத்திலா?

திருவெறும்பூர்க்காரன்

ஆமாம் அக்கா, 500, 1,000, 1,500 என்று இரண்டு பக்கமும் எதிரெதிரே. பார்க்க அழகாக இருந்தது.

ஜாயிண்டர்அக்கா

அழகுதான். ஒன்று வெடித்தால் எதிர்ச்சுவர் ஜாயிண்ட்டைப் பார்த்துத்தான் வெடிக்கும். ஒரு பக்கத்தைத் தள்ளிப் போடுங்கள். இடையே தடுப்புச்சுவர் நிற்கும் அளவுக்காவது. எனக்கும் கூடாரம் போட்டுத் தூசியில்லாமல் வேலை செய்ய இடம் கிடைக்கும். இரண்டு குழு முதுகோடு முதுகு இடித்துக்கொண்டு 400 கே.வி. ஜாயிண்ட் போட முடியாது.

ஈபி_ரிட்டயர்டு

நான் ஒன்று கேட்கட்டுமா? 500 மீட்டர் கேபிள் என்றால் 19 டன், டிரம் எடை தனி. அதைக் கீழே இறக்கப்போகிறீர்களா, மேலேயே நிறுத்திக் கேபிளை ஷாஃப்ட்டில் தொங்கவிடப் போகிறீர்களா? தொங்கவிட்டால் 60 மீட்டர் கேபிளின் எடை இரண்டு டன்னுக்கு மேல், பிரேக் யார் பிடிப்பது? இறக்கினால் ஷாஃப்ட்டின் வாய் எவ்வளவு, டிரம் எவ்வளவு?

திருவெறும்பூர்க்காரன்

சார், இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. படத்திலும் இல்லை. நாளைக் காலை டேப் எடுத்துக்கொண்டு ஷாஃப்ட்டுக்குப் போய் அளந்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஈபி_ரிட்டயர்டு

ஏணிப்படி, விளக்குக் குழாய், காற்றுக் குழாய் எல்லாவற்றையும் கழித்து அளக்கவும்.